அலங்கார மீன் குளங்களும் சொட்டு வடிகட்டியும்

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் சுற்றுப்புறங்களில் தோட்டக் கிணற்றை அடுத்துச் சிறு குளமொன்று கட்டி, பொன்மீன், வர்ணக் கெண்டை முதலியவற்றை வளர்க்க விரும்பும் நிலச்சுவான்தார்கள் ஜலத்தின் தெளிவையே பெரிதாக எண்ணுகின்றனர். தெளிவு வேறு, சுத்தம் வேறு. அடிமட்டம் வரை தெரியும் ஜலத்திலும் மீன்கள் மடிவதுண்டு.

இதன் காரணம் அம்மோனியா. மீன்கள் அதைச் செவுள்களின் வழியாக வெளிவிடுகின்றன. தின்னாமல் எஞ்சிய இரை அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. அது கண்ணுக்குப் புலப்படாது. துணியாலோ மணலாலோ சலித்தெடுக்கவும் இயலாது. பாசி மிகுந்த குளத்தில் பிற்பகல் வேளையில் காரத்தன்மை ஏறுமாதலால், அப்போது அதன் விஷம் இன்னும் கடுமையாகும்.

அடிக்கடி ஜலத்தை மாற்றுவதே பலரும் கையாளும் பரிகாரம். காவிரியில் நீர் ஓடும் மாதங்களில் அதற்குக் குறைவில்லை. ஆனால் மேட்டூரில் நீர் நிறுத்தப்பட்டு, ஆறு மணற்பரப்பாய்க் கிடக்கும் கோடையில், வாழைக்கும் தென்னைக்கும் உரிய கிணற்று ஜலத்தை அலங்காரத்தின் பொருட்டு இறைத்துக் கொட்டுவது நியாயமன்று என்பது எமது அபிப்பிராயம். அதற்குப் பதிலாகச் சொட்டு வடிகட்டியை அமைத்துக்கொள்வது சிலாக்கியம்.

குளத்தின் ஓரத்தில், ஜலமட்டத்திற்கு மேலாக, அடியில் துளையிட்ட ஒரு பீப்பாயை நிறுத்தி, அதில் கருங்கல் ஜல்லியையோ செங்கல் துண்டுகளையோ நிரப்ப வேண்டும். சிறு பம்பினால் ஜலத்தை ஏற்றி, துளைகளுள்ள தட்டின் வழியே அவற்றின்மேல் பரவலாகச் சொட்ட விட்டால், அது கீழிறங்கிக் குளத்தையே மீண்டும் அடையும். கற்கள் மூழ்கிக் கிடக்கலாகாது; நனைந்த கற்களின் இடையே காற்று உலாவ வேண்டும். ஏனெனில் இங்கு வேலை செய்வது கல்லன்று, கல்லின்மேல் படியும் நுண்ணுயிர்கள். அவை அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 4½ பங்கு பிராணவாயு அவற்றிற்குத் தேவை.

இது புதுமையன்று. 1877-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை ஜலத்தை மெல்ல இறங்கவிட்டனர். சுமார் இருபது நாள் ஒரு மாற்றமும் தோன்றவில்லை. அதன் பின்னரே நைட்ரேட் வரலாயிற்று. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றது. உயிருள்ளவையே இவ்வேலையைச் செய்கின்றன என்பது இதனால் விளங்கிற்று.

இந்த இருபது நாளை மறந்தே அனேகர் நஷ்டமடைகின்றனர். வடிகட்டி அமைத்த மறுநாளே குளம் நிறைய மீன் விடுகிறார்கள். நுண்ணுயிர் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை சில மீன்களும் சொற்ப இரையுமே போதும். பார்வைக்கு அசுத்தமாயிருக்கிறதென்று கற்களைக் குளோரின் கலந்த குழாய் ஜலத்தில் தேய்த்துக் கழுவுவோரும், மின்சாரச் செலவுக்கு அஞ்சி இரவில் பம்பை நிறுத்துவோரும், தாம் வளர்த்த உயிர்களையே அழித்தவராவர். கழுவித்தான் ஆகவேண்டுமெனில் குளத்து ஜலத்தில் இலேசாக அலசலாம். இம்மாற்றத்தில் அமிலமும் உண்டாவதால், கற்களோடு கொஞ்சம் கிளிஞ்சலைச் சேர்ப்பது நலம்.

நைட்ரேட் குளத்திலேயே தங்குமாதலால், வாரந்தோறும் ஒரு பகுதி ஜலத்தை வெளியேற்றியே தீரவேண்டும். அதை வாழைக்குப் பாய்ச்சலாம். நீர் தேங்கிய நெல்வயலில் விட்டால், காற்றில்லாச் சேற்றில் நைட்ரேட் வாயுவாகிப் பறந்து வீணாகும்.

கோயில் குளங்களுக்கும் இதை அமைக்கலாமே என்பர் சிலர். மலைக்கோட்டை அடிவாரத்துத் தெப்பக்குளம் போன்ற விசாலமான நீர்நிலைக்குப் பீப்பாய்க் கணக்கு உதவாது. அங்கெல்லாம் மீன்களுக்கென்று எறியும் பொரியைக் குறைப்பதும், வரத்து வாய்க்காலைத் தூர் எடுத்து, மழைக்காலத்தில் பழைய ஜலம் வெளியேறப் போக்கு மடையைத் திறந்து வைப்பதுமே கிராம அதிகாரிகள் முதலில் செய்யத்தக்கவை.