படிக நீரும் பறிபோன ரெண்டு மார்க்கும்

கொஞ்ச நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கம் வரலை மக்களே. இப்ப வந்திருக்கறது சும்மா மொக்கை போட இல்ல, வயித்தெரிச்சல்ல.

அக்கா பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. போன வாரம் போன்ல, "மாமா, நீங்க சொல்லிக் குடுத்ததை எழுதி ரெண்டு மார்க் போச்சு"ன்னா. கேள்வி: படிக நீர் உள்ள உப்புகள் நீரில் அதிகம் கரைவது ஏன்? நோட்ஸ்ல இருக்கற விடை: ஏற்கெனவே உள்ளுக்குள்ள தண்ணி இருக்கறதால. என்னா ஒரு கண்டுபிடிப்பு! அவ எழுதினது: "அப்படி விதி எதுவும் இல்லை. உதாரணம் ஜிப்சம்." சிவப்பு மையில ஒரு கோடு, பக்கத்துல ஒரு முட்டை.

ஜிப்சம் என்னங்க பாவம் பண்ணுச்சு? ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு ரெண்டு தண்ணி மூலக்கூறு வெச்சிருக்கு. ஆனா ஒரு லிட்டர் தண்ணியில ரெண்டு கிராம் சொச்சம் கரைஞ்சாலே பெருசு. அதையே சூடு பண்ணி முக்கால்வாசித் தண்ணியை விரட்டினா பாரிஸ் சாந்து. அது ஜிப்சத்தை விட மூணு மடங்குக்கு மேல கரையும். தண்ணி குறைஞ்சது, கரைதிறன் கூடிடுச்சு! கை உடைஞ்சா போடற மாவுக்கட்டு இறுகறதே இதாலதான். சாந்து கரையுது. அவ்வளவையும் ஜிப்சமா அந்தத் தண்ணியால தாங்க முடியலை. ஊசி ஊசியா ஜிப்சம் படிஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்குது. நோட்ஸ் சொல்றது நெசம்னா மாவுக்கட்டு சாகற வரைக்கும் கஞ்சியாவே இருக்கணும்.

அடுத்து மயில்துத்தம். ஒரு மோல் 249.7 கிராம், நீரற்ற வெள்ளைப்பொடி 159.6. கிராம் கணக்குல அட்டவணையைப் பார்த்தா நீலக்கல் ஏதோ ஜாஸ்தி கரையற மாதிரி தெரியும். தெரியாம என்ன செய்யும், 100 கிராம்ல 36 கிராம் தண்ணிதானே! கரைஞ்சப்புறம் ரெண்டும் ஒரே நீலம். எந்தத் தண்ணி படிகத்துல வந்தது, எது குழாயில வந்ததுன்னு காப்பர் அயனிக்குத் தெரியாது.

உண்மையில விஷயம் தலைகீழ். தண்ணியோட சேர்ந்திருக்கும்போது, அந்த வெப்பநிலையில எந்த வடிவம் நிலையானதோ அதுதான் இருக்கறதுலயே கம்மியா கரையும். சோடியம் சல்பேட்ல 32.4 டிகிரிக்குக் கீழ அது பத்துத் தண்ணி வெச்சிருக்கற கிளாபர் உப்பு. அதுக்கு மேல நீரற்ற உப்பு. அங்கேர்ந்து சூடு ஏத்தினா கரைதிறன் குறைய ஆரம்பிக்கும்.

டீச்சர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். நீரற்ற குரோமிக் குளோரைடு சுத்தமான தண்ணியில கல்லு மாதிரி கிடக்கும். ஆறு தண்ணி உள்ளது சட்டுனு கரைஞ்சுடும். ஆனா அது வேகம். எவ்வளவு கரையும்ங்கறது வேற கணக்கு. பஸ் சீக்கிரம் கிளம்பினா சீட்டு அதிகம்னு அர்த்தமா?

அக்கா "உன் இன்ஜினியரிங்கை உன்னோட வெச்சுக்கோ"ன்னுட்டா. அது பரவாயில்லை, பழகினதுதான். பொண்ணு சொன்னதுதான் உறுத்துது. "இனிமே நோட்ஸ்ல இருக்கறதையே எழுதிடறேன் மாமா."

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். பையில ஒரு பாக்கெட் பாரிஸ் சாந்து. டீச்சரம்மா பார்க்கணும்னாலும் வரட்டும்.