சராசரி: கூட்டி வகுத்தால் போதுமா?

ஆசிரிய நண்பர்களும் பெற்றோரும் பொறுத்தருள்க. இன்றைய பதிவில் இயற்பியல் வாடை சற்று அதிகமாகவே வீசும். ஆயினும், நான் பேச வந்தது நம் தொடக்கப்பள்ளிக் கணிதத்தைப் பற்றித்தான்.

சராசரியை நாம் எவ்வாறு கற்பிக்கிறோம்? எல்லாவற்றையும் கூட்டு, எத்தனை எண்களோ அத்தனையால் வகு. மாணவர்கள் இதனை வாய்ப்பாடு போல் ஒப்பிக்கின்றனர். விடையும் சரியாகவே வருகிறது. ஆனால், "எவற்றின் சராசரி?" என்று நாம் கேட்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. அக்கேள்வி இல்லாத சராசரிப் பாடம் பாதிப் பாடமே என்பது என் கருத்து.

என்னிடம் பயின்று, இப்போது ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி அண்மையில் ஓர் ஐயத்துடன் வந்தாள். பெட்டியில் அடைபட்ட வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிட, மூலக்கூறுகளில் ஆறில் ஒரு பங்கு ஒவ்வொரு சுவரை நோக்கியும் நேராகச் செல்வதாகக் கொள்ள வேண்டும் என்று அவளது குறிப்பேட்டில் இருந்தது. "மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும்தானே ஓடுகின்றன, ஐயா? சாய்வாக வந்து மோதுபவை எங்கே போயின?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. 1856-இல் ஜெர்மானிய அறிஞர் குரோனிக் அந்த ஆறில் ஒரு பங்குக் கணக்கைத்தான் போட்டார். அடுத்த ஆண்டே, அதாவது 1857-இல், கிளாசியஸ் எல்லாச் சாய்வுகளையும் கணக்கில் சேர்த்தார். அழுத்தத்திற்கு இரு வழிகளிலும் ஒரே விடைதான் வருகிறது. அப்படியானால் வழியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் சற்றே பொறுத்திருங்கள்.

மோதும் கோணங்களின் சராசரி என்ன? சுவருக்குச் செங்குத்தாக வந்தால் 0 பாகை. சுவரை உரசிக்கொண்டு வந்தால் 90 பாகை. எனவே சராசரி 45 என்று பலரும் சொல்லிவிடுவர். வகுப்பில் இருக்கும் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை நோக்கிச் செல்லும் ஒவ்வொரு மூலக்கூற்றின் திசையையும் அதன் வட பாதியில் ஒரு புள்ளியாக எண்ணிப் பாருங்கள். நேர் செங்குத்துத் திசை வடதுருவம். சுவரை உரசும் திசை நிலநடுக்கோடு. நாம் வாழும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் உருண்டையைச் சுற்றும் வட்டம் பெரிது. 60 பாகை அட்சரேகையில் அது பாதியாகிறது. துருவத்தில் வெறும் புள்ளி. வட பாதியின் பரப்பில் சரிபாதி, நிலநடுக்கோட்டிற்கும் 30 பாகை அட்சரேகைக்கும் இடையிலேயே அடங்கிவிடுகிறது. (இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஊகிக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு என்பார்கள்.)

ஆகவே, சுவரை நோக்கிச் செல்லும் 100 மூலக்கூறுகளில் செங்குத்திலிருந்து 30 பாகைக்குள் செல்பவை ஏறத்தாழ 13 மட்டுமே. 30 முதல் 60 வரை 37. மீதம் 50-உம் 60 பாகைக்கு மேல் சாய்ந்தவை. இவற்றின் சராசரிக் கோணம் சுமார் 57 பாகை, 45 அன்று.

கதை இத்துடன் முடியவில்லை. சுவரை நோக்கிச் செல்பவை எல்லாம் ஒரே நேரத்தில் சுவரை அடைவதில்லை. திடலில் ஒரே வேகத்தில் ஓடும் பிள்ளைகளில் சிற்றுண்டிச்சாலையை நோக்கி நேராக ஓடுபவன் முந்துகிறான். குறுக்கே சாய்ந்து ஓடுபவன் பிந்துகிறான். 60 பாகை சாய்ந்து செல்லும் மூலக்கூறு, அதே வேகத்தில் நேராகச் செல்வதைவிடப் பாதி விரைவில்தான் சுவரை நெருங்குகிறது. எனவே, குறிப்பிட்ட நேரத்தில் சுவரில் விழும் 100 அடிகளை எண்ணினால், 30 பாகைக்குள் 25, 30 முதல் 60 வரை 50, அதற்கு மேல் 25 என்றாகிறது. இவற்றின் சராசரி சரியாக 45 பாகை!

ஒரே பெட்டி, ஒரே வாயு. மூலக்கூறுகளை எண்ணினால் 57. மோதல்களை எண்ணினால் 45. எண்ணாமலே 45 என்று சொன்னவர் சரியான விடையைத்தான் சொன்னார். ஆனால், அந்த 45-ஐ அழுத்தக் கணக்கில் நேரடியாக இட்டால், மூன்றில் ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டில் ஒன்று வருகிறது. ஏனெனில், கோணத்தின் சராசரி வேறு. கோணத்தின் கொசைன் வர்க்கத்திற்குரிய சராசரி வேறு.

இனி அந்த ஆறில் ஒரு பங்கு. அழுத்தத்திற்கு அது பிழையின்றி உதவுகிறது. சுவரில் சிறு துளையிட்டு, வெற்றிடத்திற்குள் நொடிக்கு எத்தனை மூலக்கூறுகள் தப்பிச் செல்கின்றன என்று கேட்டால் கைவிட்டுவிடுகிறது. உண்மையான எண்ணிக்கை, அடர்த்தியையும் சராசரி வேகத்தையும் துளையின் பரப்பையும் பெருக்கி வருவதில் நான்கில் ஒரு பங்கு. குறிப்பேட்டின் வழியில் சென்றால் ஆறில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதாவது, மூன்றில் ஒரு பகுதி காணாமற்போகும். அழுத்தக் கேள்விக்கு முழுப் புள்ளிகள் வாங்கிய அதே முறை!

நம் பள்ளிக்கு வருவோம். ஒரு பள்ளியில் இரண்டு வகுப்புகள். ஒன்றில் 10 பேர், மற்றொன்றில் 30 பேர். வகுப்புக்குச் சராசரியாக 20 மாணவர் என்று அறிக்கை எழுதுகிறோம். பிள்ளைகள் 40 பேரிடமும் "உன் வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். 10 பேர் 10 என்பர்; 30 பேர் 30 என்பர். கூட்டினால் 1000, 40-ஆல் வகுத்தால் 25. பெற்றோருக்கு வேண்டியது இந்த 25 அல்லவா? தம் பிள்ளை எவ்வளவு நெரிசலில் அமர்ந்திருக்கிறது என்பதைச் சொல்வது அதுதான்.

தேர்ச்சி விகிதமும் இப்படியே. 5 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் 2 பேர் தேர்ச்சி; 95 பேர் எழுதும் பள்ளியில் 76 பேர் தேர்ச்சி. பள்ளிகளின் சராசரி 60 விழுக்காடு. மாணவர்களின் சராசரி 78. இரண்டுமே கணக்குப்படி சரி. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் நம் நாட்டில் நிறைய உள்ளன. "தமிழ்ப்பள்ளிகளின் சராசரி 60தானாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற எண்ணும் பெற்றோர், அது எவற்றின் சராசரி என்று ஒரு முறையாவது கேட்க வேண்டாமா? கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. விடையை மட்டும் பார்த்துப் புள்ளியிடும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. என் வகுப்பில் சராசரிக் கணக்கின் முதல் வரியில் "இது இன்னவற்றின் சராசரி" என்று எழுதினால்தான் முழுப் புள்ளிகள். விடை சரியாக இருந்தும் ஒரு புள்ளி குறைந்ததேன் என்று சில பெற்றோர் கேட்டதுண்டு. அவர்களிடம் அந்த 10, 30 வகுப்புக் கணக்கைக் கொடுத்து, வீட்டில் பிள்ளையோடு அமர்ந்து செய்து பார்க்கச் சொல்கிறேன்.