குறி தவறலாகாது!

பழவேற்காட்டு ஏரியின் நடுவே எல்லைக்கல் எதுவும் இல்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலே. தென்பகுதியும், பழவேற்காட்டு முகத்துவாரமும் தமிழகத்திலே. தடா வட்டாரத்து இருக்கம் தீவு, சர்க்கார் கணக்கில் ஆந்திரம். அங்கு வாழும் மக்கள் பேசுவதோ தமிழ்! இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலே, வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள், படாஸ்கர் முடிவை ஒட்டி எல்லை திருத்தப்பட்டது. கோடு விழுந்தது தாளிலே. மக்களின் உறவு அந்தக் கோட்டுக்கு இருபுறமும் பரவித்தான் கிடக்கிறது.

இந்த ஏரிக்கரையிலே நின்று ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். ஓர் அரசு கொடுமை புரிகிறது. அதனை எதிர்த்து முழங்குவது நமது கடமை. அதிலே இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் முழங்கும்போது, அந்த அரசின் கீழ் வாழும் மக்களையும் பகைவராக்கிக்கொள்ள வேண்டுமா? அப்படிச் செய்வதால் கொடுமைக்கு ஆளானோருக்கு நியாயம் கிடைக்குமா?

நாம் குறிப்பிடுவது சேஷாசலக் காட்டுப் படுகொலையை. 2015 ஏப்ரல் 7, விடியற்காலை. சந்திரகிரியை அடுத்த காட்டிலே, செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர சர்க்கார் அமைத்த தனிப்படை சுட்டதில் 20 பேர் மாண்டனர். அனைவரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களைச் சேர்ந்தவர்களே பெரும்பாலோர். கூலிக்கு மரம் வெட்டப் போன ஏழைகள். கல்லையும் கோடரியையும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். முன்னமே பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர். மத்தியப் புலனாய்வு வேண்டும், குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. பத்தாண்டு கடந்தும், அந்தக் குடிசைகளின் வாயிலை நீதி எட்டவில்லை.

தமிழகம் கொதித்தது. கொதித்ததிலே குற்றமில்லை, கொதிக்காதிருந்தால்தான் குற்றம்! ஆனால் அந்தக் கொதிப்பின் ஒரு பகுதி எங்கே போய் வழிந்தது? ஆந்திர அரசுப் பேருந்துகளின்மீது கற்கள் பறந்தன. எல்லை தாண்டி வரும் வண்டிகள் நின்றுபோயின. ‘ஆந்திரம்’ என்ற பெயரைத் தாங்கிய இடங்களெல்லாம் குறிகளாயின.

அந்தப் பேருந்துக்குள்ளே இருந்தவர் யார்? சுட உத்தரவிட்ட அதிகாரியா? தனிப்படையின் தலைவரா? மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் ஓட்டுநர். கோயம்பேட்டுச் சந்தைக்குச் சரக்கு வாங்க வந்த வியாபாரி. திருப்பதியிலிருந்து மொட்டை போட்டுத் திரும்பும் நம் ஊர்க் குடும்பம். உத்தரவிட்டவர்களோ, நம் கல் எட்டாத இடத்தில் இருந்தார்கள்.

சந்திரகிரியில் நடந்ததை அறிந்து ஆந்திர மக்கள் கைகட்டி நின்றார்களா? இல்லை. ஆந்திரப் பிரதேச குடியுரிமைக் கழகம் என்ற அமைப்பு ஐதராபாத் உயர்நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தது. சுட்டவர்கள்மீது கொலை வழக்குப் பதிவு செய்க என்று கேட்டது. அந்த அமைப்பை நடத்துவோர் தெலுங்கர்கள். மாண்ட தமிழனுக்காகத் தங்கள் அரசையே கூண்டிலேற்றத் துணிந்தவர்கள் அவர்கள்!

இந்தத் துணிவு அவர்களுக்கு ஒரே நாளில் வந்ததன்று. ஆந்திரப் போலீசின் துப்பாக்கியை நமக்கு முன்னே அறிந்தவர்கள் தெலுங்கு மக்கள். நெருக்கடி நிலைக் காலத்திலே ‘மோதல்’ என்ற பெயரால் அங்கு கொல்லப்பட்ட இளைஞர்களின் கதையை, ஜெயப்பிரகாஷ் நாராயண் 1977-இல் அமைத்த தார்க்குண்டே குழு ஆராய்ந்தது. பிடித்து வைத்துச் சுட்ட கொலைகள் அவை என்று அறிக்கை தந்தது. அந்த இளைஞர்கள் பேசிய மொழி தெலுங்கு. அதே குடியுரிமைக் கழகத்தின் துணைத் தலைவராக இருந்த குழந்தை மருத்துவர் ராமநாதம், 1985 செப்டம்பரில் வாரங்கலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தவர். போலீஸ் அத்துமீறலைத் தட்டிக் கேட்டவர். அவரும் தெலுங்கரே. அந்தத் துப்பாக்கி எந்த நாளிலும் மொழி பார்த்துச் சுட்டதில்லை. எதிர்க்கத் திராணியற்றவன் யார் என்று பார்த்தே சுட்டது.

நம் வீட்டுக் கணக்கையும் சற்றுப் புரட்டுவோம். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் நுழைந்தார்கள். மலைவாழ் மக்களின் வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களை மானபங்கப்படுத்தினார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் கூறிற்று. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அங்கே சந்தனம், இங்கே செம்மரம். அங்கும் மலைமக்கள், இங்கும் மலைமக்கள். ஆனால் வாச்சாத்தியிலே பாய்ந்தவர்கள் தமிழ் பேசினார்கள். அதற்காகத் தமிழினமே கொடியது என்று எவரேனும் கூறினால் ஒப்புவோமா? ஒப்பமாட்டோம். அப்படியானால், நமக்கு ஓர் அளவுகோல், அண்டை வீட்டாருக்கு வேறோர் அளவுகோல் என்பது எந்த ஊர் நியாயம்?

ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் மொழி பேசுவோர் அனைவரும் பொறுப்பு என்ற கணக்கு இருக்கிறதே, அதனால் தமிழன் பட்ட பாடு கொஞ்சமா? 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே 13 சிங்களப் படையினர் கொல்லப்பட்டனர். அதற்காகக் கொழும்பிலே கடை வைத்திருந்த தமிழனின் கடை எரிந்தது. வீட்டிலே இருந்த தமிழச்சி தெருவுக்குத் துரத்தப்பட்டாள். 2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீரின் பெயரால், பெங்களூரிலே தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் கொளுத்தப்பட்டன. அந்தப் பேருந்துகளா காவிரியைக் குடித்தன? அன்று இந்தக் கணக்கை அநீதி என்றோம். நம் கைக்கு வந்ததும் அது நீதியாகிவிடுமா? 1983-இல் தமிழரைத் தம் வீட்டிலே ஒளித்து வைத்துக் காத்த சிங்களவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது.

கடலோடிகள் நன்கறிந்த இன்னொன்றையும் சொல்லுவோம். இலங்கைக் கடற்படையின் கொடுமை நேற்றோடு முடிந்ததன்று. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் நடுக்கடலிலே குண்டடிபட்டு மாண்டார். 2025 ஜனவரியில் காரைக்கால் மீனவர்கள் சுடப்பட்டுக் காயமுற்றார்கள். இதனைக் கண்டிப்போம், உரக்கக் கண்டிப்போம். ஆனால் 2012 செப்டம்பரில் நடந்தது என்ன? பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கை யாத்திரிகர்கள் திருச்சி விமான நிலையம் நோக்கித் திரும்புகையில், அவர்கள் சென்ற பேருந்துகள் கல்லடிபட்டன. 2013 மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வந்த பௌத்தத் துறவி ஒருவர் தாக்கப்பட்டார். இவற்றால் கடற்படையின் ஒரு படகேனும் பின்வாங்கியதா? கொழும்பு ஆளவந்தார்களுக்கோ பேச்சுப் பொருள் கிடைத்தது. “பாருங்கள் தமிழரை!” என்று சொல்லித் தங்கள் மக்களைத் தங்கள் பின்னே திரட்டிக்கொள்ள அது உதவிற்று.

கொடுமை புரியும் அரசு விரும்புவது இதைத்தான். சேஷாசலத்திலே 20 பிணங்கள் கிடந்தபோது, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சந்திரபாபு நாயுடுவின் அரசு நின்றது. கல் பறந்ததும் பேச்சு மாறுகிறது: பிணத்தை விட்டுப் பேருந்துக்குப் போகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிய அரசு, தெலுங்கரின் மானங்காக்கும் காவலனாக வேடம் பூண்டுவிடுகிறது. அங்கு நமக்காக வாதாடியவனின் குரலோ, “எதிரிக்காகப் பேசுகிறான்” என்ற கூச்சலில் மூழ்கிப்போகிறது.

சிலர் கேட்பார்கள்: “அந்த அரசுக்கு வாக்களித்தவர்கள் அந்த மக்கள்தாமே? சுட்டது சரியே என்று பேசியவர்களும் அங்கு இருந்தார்களே?” இருந்தார்கள், மறைக்கவில்லை. 2013 டிசம்பரில் செம்மரம் வெட்டச் சென்ற கூட்டத்தால் ஆந்திர வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டதையும் மறைக்கவில்லை. அந்த வழக்கிலே சிறையில் வாடிய தமிழர் இருநூற்றுக்கும் மேற்பட்டோரைக் குற்றமற்றவர்கள் என்று 2016-இல் விடுவித்தது திருப்பதி நீதிமன்றம் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். வாக்களித்தவன் தண்ணீருக்கும் சாலைக்கும் வாக்களித்தான். சுடுவதற்கு அனுமதிச் சீட்டு எழுதித் தரவில்லை. தவறாக எண்ணுகிறவனைத் திருத்த வேண்டுமானால் அவனிடம் சான்றுகளோடு பேச வேண்டும். கல்லெறிந்த பின் அவன் காது கொடுப்பானா?

ஏரிக்கரைக் கிளைகளின் தோழர்கள் இதனை மற்றெவரையும்விட ஆழ்ந்து எண்ணிப் பார்த்திடல் வேண்டும். ஏரியின் ஆந்திரப் பகுதியான தடாவும் சூளூர்ப்பேட்டையும், படுகொலை நடந்த சந்திரகிரியும், 2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்திலேயே இருக்கின்றன. சென்னையிலே ஒருவன் கல்லெறிந்துவிட்டு வீடு போய்ச் சேருவான். அதன் எதிரொலி எழுந்தால், தாங்க வேண்டியவர்கள் இருக்கத்திலே தமிழ் பேசி வாழ்வோரும், வலையோடு எல்லையைத் தொட்டு நிற்கும் கோட்டைக்குப்பத்தாரும் ஆண்டிகுப்பத்தாரும்தாம்.

ஏரியிலே வலைத் தகராறு எழாமலில்லை. எல்லைத் தகராறும் எழுகிறது. காசிமேட்டு விசைப்படகுகளை நெல்லூர்க் கரையோர் பிடித்து வைப்பதும், பெரியவர்கள் பேசி மீட்பதும் பலமுறை நடந்தவை. இன்றைக்கு அது மீன் தகராறு, பேசித் தீர்க்கலாம். வெறுப்பை விதைத்துவிட்டால் நாளைக்கு அது மொழிச் சண்டை. பேசுவதற்கு ஆளே இருக்கமாட்டார்கள். யார், என்றைக்கு, எங்கே வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வகுத்து, அதனைப் பாடு என்று பெயரிட்டுக் காத்து வந்த கரை இது. அடிமைகளை இங்கிருந்து கப்பலேற்றி விற்ற டச்சுக் கம்பெனியாரின் கல்லறைகள் இன்றும் பழவேற்காட்டிலே நிற்கின்றன. கம்பெனியின் கொடுமைக்காக அந்தக் கற்களைத் தகர்க்க வேண்டும் என்று இந்த ஊரார் கிளம்பியதில்லை. அந்தப் பண்பு, உயிரோடிருக்கும் அண்டை வீட்டாரிடம் இன்னும் பன்மடங்கு வேண்டாமா?

ஆகவே தோழர்களே, கண்டனக் கூட்டம் போடுங்கள், தயக்கம் வேண்டாம். ஆனால் சுவரொட்டியிலே குற்றம் புரிந்த அரசின் பெயரை எழுதுங்கள்; இனத்தின் பெயரை எழுதாதீர்கள். எந்தப் படை, எந்த நாள், எத்தனை உயிர், எந்த அதிகாரி பொறுப்பு, எந்த விசாரணை தேவை என்று கோரிக்கையைக் கூர்மையாக்குங்கள். மலையூர் ஏழையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் தப்பிக்கும் தரகனையும், வேலையின்றி அவனைத் தவிக்கவிட்ட நம் ஆட்சியாளரையும் கேள்வி கேளுங்கள். தடாவிலிருந்தும் சூளூர்ப்பேட்டையிலிருந்தும் தெலுங்குத் தோழரை அழைத்து மேடையேற்றுங்கள். சேஷாசலத்தைப் பற்றி அவர் தெலுங்கிலே பேசட்டும். நீங்கள் பேசியதை அவர் தம் ஊருக்கு எடுத்துச் செல்லட்டும். கூட்டத்திலே எவனேனும் “தெலுங்கனே வெளியேறு” என்று கூவினால், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். அவன் வீசும் சொல் ஆந்திர அரசின்மீது படாது. நீதி கேட்டு நிற்கும் குடும்பத்தாரின் மனுவைத்தான் கிழிக்கும்.

அநீதியை மன்னிக்கும்படி நாம் கேட்கவில்லை. உத்தரவிட்டவனையும் அதனை மூடி மறைத்தவனையும் மக்கள் மன்றத்திலே நிறுத்தும்வரை ஓயவேண்டாம் என்றே கேட்கிறோம். அந்த நாளிலே சாட்சி சொல்லத் தெலுங்கரும் நம்மோடு வர வேண்டும். வருவார்கள், நாம் அவர்களைத் துரத்தாதிருந்தால்!