நேர்முகமா, முகம் பார்ப்பதா?

"உங்கப்பா என்ன செய்றார்?" வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போக விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்துக்குப் போன என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஆராய்ச்சியைப் பற்றி ஒண்ணும் கேக்கல. கோவில்பட்டி கரிசல்ல பருத்தி எடுத்து, தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கி அம்மா சேர்த்த காசுல ரயிலேறினவன் நான். நாலு நிமிசத்தில் அனுப்பிவிட்டார்கள்.

இது என் ஒருத்தன் கதையில்ல. சேலம் முத்துக்கிருஷ்ணன் ஐதராபாத் பல்கலைக்கழகத்திலிருந்து ஜே.என்.யூ.வுக்குப் போகப் பலமுறை முட்டினார். நுழைந்த பிறகும், சேர்க்கையிலும் நேர்முகத்திலும் சமத்துவம் இல்லையென்று எழுதினார். 2017 மார்ச்சில் டெல்லியில் இறந்து கிடந்தார்.

2016-இல் யு.ஜி.சி. போட்ட விதி எழுத்துத் தேர்வை வெறும் தகுதிக்கோடாக்கி, இடத்தை நேர்முகத்தின் கையில் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியபின் 2018-இல் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று இறங்கினார்கள்.

நம்மளக் கவிழ்க்க அந்த 30 போதாதா? விடைத்தாள்ல வெறும் எண்தான். நேர்முகத்துல பெயர், ஊர், நம்ம இங்கிலீஷ் எல்லாம் தெரியுது. 'தகுதி, தகுதி'ங்கிறாங்களே, எதைப் பார்த்து அளந்த தகுதி?

விண்ணப்பிப்பதை நிறுத்தாதீங்க தோழர்களே. நேர்முகத்தில் போட்ட மதிப்பெண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்க. கதவைத் தட்டினது போதும், கணக்கைக் கேட்போம்.