வண்டியைத் திரும்ப எடு!

இராமேசுவரம் துறையில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவெல்லாம் அலையோடு மல்லாடிவிட்டுக் கரையேறுகிறான் மீனவன். கொண்டுவந்த இறாலைக் கொட்டுகிறான். வியாபாரி வருகிறான், கையிலெடுத்துப் பார்க்கிறான், மூக்கருகே கொண்டு போகிறான், "இது ஆகாது, இது ஆகாது" என்று கழித்து ஒதுக்குகிறான். ஆகாது என்றால் ஆகாதுதான்! மேல்முறையீடு கிடையாது, நிபுணர் அறிக்கை கிடையாது, வாய்தா கிடையாது. கெட்ட சரக்கின் நட்டம் கொண்டுவந்தவன் தலையிலே. கண் மூடித் திறப்பதற்குள் தீர்ப்பு!

வியாபாரி செய்வது தவறு என்று நாம் சொல்லவரவில்லை. காசு கொடுக்கிறவன் நல்ல சரக்குக் கேட்பது நியாயந்தான். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த நியாயம் மீனவனுக்கு மட்டுந்தானா? அவன் பிடித்த மீனை ஏற்றிச் செல்லும் வண்டியைச் செய்து விற்கிறாரே ஆலை முதலாளி, அவருக்குக் கிடையாதா?

தங்கச்சிமடத்து இளைஞன் ஒருவன் சரக்கு வண்டி வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனி செய்ததானாலும் நம் ஊரில் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர். மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது, அது முன்பணம். மீதிக்குப் பைனான்ஸ். மாதம் பிறந்தால் தவணை. மூன்றாவது வாரம், உச்சிப்புளி தாண்டுமுன் வண்டி நிற்கிறது. பனிக்கட்டி உருகுகிறது, மீன் நாறுகிறது, மதுரைச் சந்தை அவனுக்காகக் காத்திருக்குமா?

வண்டியை இழுத்துக்கொண்டு வொர்க்ஷாப் போகிறான். "சின்னக் கோளாறு" என்கிறார்கள். இரண்டாம் முறை போகிறான்: "இனி வராது" என்கிறார்கள். மூன்றாம் முறை: "உனக்கு ஓட்டத் தெரியவில்லை." நான்காம் முறை: "உங்கள் ஊர் உப்புக்காற்று அப்படி, தம்பி!" ஐந்தாம் முறை: "கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்." கம்பெனியைக் கேட்டால் டீலரைக் கேள் என்கிறது, டீலரைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்கிறார். பந்து அங்கும் இங்கும் பறக்கிறது. நடுவில் நிற்பவன் கழுத்துத்தான் வலிக்கிறது. தவணை நாள் மட்டும் ஒரு நாளும் பழுதாவதில்லை!

உப்புக்காற்றாம்! 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை, இந்தத் தீவுக்குள் வண்டி ஓட்டிக்கொண்டு வரவே வழியில்லை. பாலம் வந்தது, பின்னாலேயே வண்டி விற்கிறவரும் வந்தார். விற்கும்போது அவர் மூக்கில் ஏறாத உப்புக்காற்று, திருப்பிக் கேட்கும்போது மட்டும் ஏறிவிடுகிறது, பார்த்தீர்களா?

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை நீக்கிவிட்டு 2019-இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம், 2020 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. விற்ற பொருளில் குறை இருந்தால், குறையை நீக்கு என்று உத்தரவிடலாம். வேறு புதுப் பொருள் கொடு என்று உத்தரவிடலாம். வாங்கிய விலையை வட்டியோடு திருப்பிக் கொடு என்றும் உத்தரவிடலாம். மூன்றும் சட்டத்திலேயே இருக்கின்றன. இதற்காகச் சென்னைக்கோ, கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் வடநாட்டு நகருக்கோ போகவேண்டியதில்லை. குடியிருக்கும் இடத்திலேயே, வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். தங்கச்சிமடத்துக்காரன் இராமநாதபுரம் மாவட்ட ஆணையத்திலேயே பல அடுக்கு மாளிகைக் கம்பெனியைக் கூண்டிலேற்றலாம். விலை 50 இலட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 இலட்சம் வரை கட்டணமே கிடையாது. அதற்கு மேல் 10 இலட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை.

இங்கேதான் கம்பெனியின் வக்கீல் முதல் அம்பை எடுப்பார். "இவன் சரக்கு ஏற்றிக் காசு பார்க்கிறவன், வாணிபத்துக்கு வாங்கியவன், இவன் எப்படி நுகர்வோர் ஆவான்?" என்பார். சட்டத்திலே அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். நம் தோழர்கள் பலர் இதைக் கேட்டதும் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பவேண்டாம்! 1995-இல் கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் செய்துகொடுத்த இயந்திரம் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. வாங்கியது ஒரு தொழில் நிறுவனம். அது வாணிபம் என்று தள்ளப்பட்டது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவன் நுகர்வோர், லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவன் நுகர்வோர், கடைசல் இயந்திரம் வாங்கித் தானே இயக்குகிறவன் நுகர்வோர். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டதாலேயே அந்த உரிமை போய்விடாது. முதலாளி வழக்கிலே தோற்றார். தொழிலாளிக்கு அதிலே ஒரு கேடயம் கிடைத்தது. பத்து வண்டி வாங்கிச் சம்பளத்துக்கு ஆள் போட்டு ஓட்டுகிறவர் கதை வேறு. அவருக்காக நாம் இங்கே வாதாடவரவில்லை.

இரண்டாவது அம்பு இன்னும் கூரியது. "பழுதானது ஒரு பாகம், பாகத்தை மாற்றித் தருகிறோம், முழு வண்டியை ஏன் திரும்ப எடுக்கவேண்டும்?" 2006-இல் மாருதி கம்பெனி இந்த வாதத்தோடு உச்சநீதிமன்றம் போய் வென்றது. கிளட்சில் குறை என்றால், வாரண்டியின்படி அந்தப் பாகத்தை மாற்றிக் கொடுத்தால் போதும், முழு வண்டியையும் மாற்றச் சொல்லமுடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அன்றுமுதல் எல்லாக் கம்பெனி வக்கீல்களின் பையிலும் இந்தத் தீர்ப்பின் நகல் இருக்கிறது.

பாகம் என்கிறார்கள்! பல் ஒன்று வலித்தால் பல்லைப் பிடுங்கலாம். இன்று பல், நாளை கண், மறுநாள் கால் என்றால் அது பல் நோயா? மொத்தத்தில் வண்டியின் பிறவியிலேயே கோளாறு என்பதுதானே அதற்குப் பொருள்? இதை உணர்ந்த தீர்ப்புகளும் உண்டு. பிரிமியர் கம்பெனியின் டீசல் கார் பற்றிய வழக்கில், குறையுள்ள காரைப் புதுக் கார் என்று விற்றது வெட்கக்கேடு என்றும், குறையை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடியது வருந்தத்தக்கது என்றும் உச்சநீதிமன்றம் இடித்துரைத்தது. 2010-இல் பியட் கார் வழக்கு. தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் சோதித்து, உற்பத்தியிலேயே ஊறிய குறை என்று சொல்வாரானால், வண்டியின் விலை, ஆயுட்கால வரி, கட்டிய மாதத் தவணை ஆகியவற்றை 12 விழுக்காடு வட்டியோடு திருப்பிக் கொடு என்றது உச்சநீதிமன்றம். வரியும் தவணையுங்கூட! இந்தத் தீர்ப்பின் நகல் நம் பையிலே இருக்கவேண்டாமா?

2022 ஏப்ரலில் வந்த இன்னொரு தீர்ப்பையும் சொல்லவேண்டும். ஹூண்டாய் கார் ஒன்று. 2015-இல் வாங்கியது. 2017-இல் டெல்லி-பானிப்பட்டு சாலையில் மோதியது. உயிர்காக்கும் காற்றுப் பைகள் விரியவே இல்லை. கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? மோதிய வேகம் போதவில்லையாம்! அடி பட்டவன் அளவுகோல் வைத்து அடிபடவேண்டும் போலிருக்கிறது! மோதலின் விசையையும் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் என்ன இயற்பியல் பேராசிரியரா என்ற கருத்தில் நீதிமன்றம் கேட்டது. 3 இலட்சம் இழப்பீடும் மாற்று வண்டியும் கொடுக்கச் சொன்ன உத்தரவு நிலைத்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் விபத்து 2017, விடிவு 2022. மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய்! டெல்லிக் கார்க்காரர் ஐந்தாண்டு தாக்குப்பிடித்தார். அடகு வைத்த தாலிக்கொடி ஐந்தாண்டு தாக்குப்பிடிக்குமா? சோதனைக் கட்டணத்தையுங்கூட முறையிட்டவனையே முதலில் கட்டச் சொல்லச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரலிலிருந்து அதற்கான விதிகளும் வந்தன. ஆபத்தான குறை பலருடைய வண்டியில் காணப்பட்டால், அத்தனை வண்டியையும் திரும்ப அழைக்கும்படி அரசு ஆணையிடலாம். வாங்கியவருக்கு முழு விலையைத் திருப்பித் தரலாம், வேறு வண்டி தரலாம், அல்லது... இந்த 'அல்லது' இருக்கிறதே, அதுதான் திருடன் நுழையும் சந்து... அல்லது பழுது பார்த்துத் தரலாம்! மூன்று கதவு திறந்துவைத்தால் முதலாளி எந்தக் கதவு வழியே போவார்? கம்பெனி தானே முன்வந்து திரும்ப அழைத்தால் அபராதமும் கிடையாது.

அந்த ஆணையிடும் அதிகாரமும் யாரிடம்? மத்திய அரசிடம். பாம்பன் பாலத்தில் நிற்கிற வண்டிக்கு டெல்லியிலிருந்து ஆணை வரவேண்டும்! வண்டி ஓடும் சாலை நம்முடையது. பதிவு செய்யும் அலுவலகம் நம்முடையது. திரும்ப எடு என்று சொல்லும் வாய் மட்டும் அங்கே.

வெளிநாட்டைப் பாருங்கள். புகைச் சோதனையை ஏமாற்றும் கள்ளக் கருவியை வோக்ஸ்வாகன் கம்பெனி தன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தது 2015-இல் அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள். அமெரிக்காவில் என்ன நடந்தது? ஏறத்தாழ 4 இலட்சத்து 75 ஆயிரம் வண்டிகளுக்கு, மோசடி வெளிப்படுவதற்கு முன்பிருந்த விலையில் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், அதற்குமேல் ஆளுக்கு 5,100 டாலராவது தருகிறோம் என்று 2016-இல் கம்பெனி பணிந்தது. இந்தியாவில்? 3,23,700 வண்டிகளைக் கொண்டுவாருங்கள், மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்றது. இந்திய விதியை மீறவில்லை என்பது கம்பெனியின் வாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் 500 கோடி அபராதம் போட்டது. உச்சநீதிமன்றம் கட்டாய நடவடிக்கையை நிறுத்திவைத்தது. அதே கம்பெனி, அதே மோசடி. அங்கே வண்டிக்குப் பணம். இங்கே வண்டிக்கு வைத்தியம்!

ஏன் இந்த வேற்றுமை? அமெரிக்கன் நல்லவன் என்பதாலா? இல்லை, அங்கே சட்டத்துக்குப் பல் இருக்கிறது. புது வண்டி வாங்கியதும் நம்மவர் என்ன செய்கிறார்? சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். கண்ணேறு கழிந்துவிட்டதாம். அமெரிக்கனும் எலுமிச்சை என்றுதான் சொல்கிறான். ஆனால் பழத்தை அல்ல, பழுதான வண்டியை! 1982-இல் கனெக்டிகட் என்ற சின்ன மாநிலம் 'எலுமிச்சைச் சட்டம்' ஒன்றை இயற்றியது. பிறகு 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. பொதுவாக, ஒரே குறையை நான்கு முறை சரிபார்த்தும் தீரவில்லையா, அல்லது மொத்தம் 30 நாள் வண்டி பட்டறையில் கிடந்ததா, எடு திரும்ப! எண்ணிக்கை சட்டத்திலேயே இருப்பதால், இன்னும் ஒரு முறை பார்க்கிறோம் என்ற பல்லவியை அங்கே பாடமுடியாது. இந்தியச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை இல்லை. எத்தனை முறை வொர்க்ஷாப் போனால் போதும் என்று எழுதப்படாத வரை, பதினைந்தாம் முறையும் 'கடைசி முறை'தான்.

மாநிலம் இயற்றிய சட்டம் அது என்பதைக் கவனிக்கவேண்டும். நம் அரசியல் சட்டத்தில் மோட்டார் வண்டி பொதுப் பட்டியலில் இருக்கிறது. தமிழகச் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முட்டும் இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நான்கு முறை, முப்பது நாள் என்று இரண்டு எண்களை எழுத எத்தனை பக்கம் தேவை?

அப்படி எழுதும்போது கடலையும் மறந்துவிடக்கூடாது. 110-ஏ பிரிவு சாலையில் ஓடும் வண்டிக்குத்தான். படகு இயந்திரத்துக்கு அல்ல. சாலையில் நின்ற வண்டியைத் தள்ளி ஓரங்கட்டலாம். பாக் நீரிணையில் இயந்திரம் நின்ற படகை எங்கே ஓரங்கட்டுவது? நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. அந்தப் பக்கம் இலங்கைக் கடற்படை நிற்கிறது. ஓட்டை இயந்திரம் விற்றவர் ஷோரூமில் இருப்பார். வாங்கியவன் யாழ்ப்பாணச் சிறையில் இருப்பான். தன் கையால் படகோட்டிப் பிழைக்கும் மீனவனுக்கு இன்றுள்ள ஒரே வழி நுகர்வோர் ஆணையந்தான். படகில் ஐந்தாறு பேர் ஏறிவிட்டாலோ, அதையும் வாணிபம் என்று வாதாட வக்கீல் வருவார்.

சட்டம் வரட்டும். அதுவரை, ஓட்டுநர் சங்கத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: வொர்க்ஷாப்புக்குப் போகிற ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். என்ன குறை என்று நீங்கள் சொன்னபடியே அதில் எழுதச் சொல்லுங்கள்; 'பொது சர்வீஸ்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி எந்த நாள் உள்ளே போனது, எந்த நாள் வெளியே வந்தது என்பது இருக்கட்டும். டீலர், கம்பெனி இருவர் பெயரையும் சேர்த்தே முறையிடுங்கள். பந்தாட்டம் அங்கேயே முடியும். வண்டியைச் சோதிக்கவேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கேளுங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய உதவி மையம் இருக்கிறது. அங்கே பதிவு செய்வது நல்லது, ஆனால் அது வழக்காகாது. ஒரே வண்டி, ஒரே குறை என்று ஐந்து பேர் சங்கத்தில் இருந்தால், ஐந்து ஜாப் கார்டையும் ஒரே உறையில் போடுங்கள். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்க 72-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அதைக் கம்பெனிக்காரர் அறிவார்.

கெடு இரண்டே ஆண்டு. "கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லி அவர்கள் கடத்துவது அந்த இரண்டாண்டைத்தான்.