டின்னில் இருப்பது என்ன?

புல்லுக்கு அடிக்கும் மருந்து புல்லோடு நிற்பதில்லை. பாராகுவாட் வாய் வழியோ புண்பட்ட தோல் வழியோ உள்ளே போனால் நுரையீரலில் போய்த் தங்கும். நுரையீரல் தழும்பேறி மூச்சடைக்கும். முறிவு மருந்து கிடையாது. பம்பு ஒழுகி முதுகு நனைய அதைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்.

2002-இல் அரசாங்கம் தடை என்றது. 2006-இல் அதே அரசாங்கம் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான்! இடைப்பட்ட ஆண்டுகளுக்கு விலை கொடுத்தது எவருடைய நெஞ்சு?

பாராகுவாட் போனாலும் பம்பு போகவில்லை. வேறு மருந்துகள் வருகின்றன. ஸ்டோர் கணக்கு எழுதுவது கிராணிமார்களாகிய நாம். டின்னில் உள்ள பெயரையும் எச்சரிக்கையையும் காலைப் பெரட்டில் தமிழில் உரக்கப் படிப்போம். வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களுக்கு மலாயிலும் சொல்வோம். துரை முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.