கடிதம் எங்கே ஐயா?



தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வரும் மின்மடல்கள் பலவற்றுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. தலைப்பில் 'சுற்றறிக்கை' என்று ஒரே சொல். உள்ளே வெறுமை. மிஞ்சினால், 'இணைப்பைக் காண்க' என்று இரண்டு சொற்கள். செய்தி முழுவதும் ஒரு வேர்டு கோப்புக்குள் அடைபட்டுக் கிடக்கும். அதைப் பதிவிறக்கித் திறந்தால் கிடைப்பது என்ன? 'வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். தவறாது வருகை தருக.' அவ்வளவுதான்!

இது வெறும் சோம்பல் அன்று. தமிழுக்குச் செய்யப்படும் கேடு என்பதே என் வழக்கு.

இப்பழக்கம் எப்படி வந்தது? தொடக்கக் கால மின்னஞ்சலில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே ஒழுங்காகப் பயணம் செய்தன. 1992-ஆம் ஆண்டு 'மைம்' எனும் தரம் வந்தது. அத்தரத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான நத்தானியேல் போரன்ஸ்டைன், அவ்வாண்டு மார்ச் 11-ஆம் நாள் ஒரு பாடற்குழுவின் படத்தையும் பாட்டொலியையும் மடலோடு இணைத்து அனுப்பினார். எழுத்தால் சொல்ல இயலாததை அனுப்பவே இணைப்பு பயன்பட்டது என்பதை நோக்குக. அதே தரம் இன்னொரு கதவையும் திறந்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் மடலின் உள்ளேயே செல்லவும் அதுவே வழி செய்தது. நாமோ முதற்கதவைப் பிடித்துக் கொண்டோம்; இரண்டாம் கதவை மறந்தே போனோம்.

அன்று அதற்கு நியாயம் இருந்தது. ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறை வைத்திருந்தது. மடலில் தமிழில் எழுதினால் மறுமுனையில் குப்பையாகத் தெரியும். ஆகவே கோப்புக்குள் வைத்து, எழுத்துருவையும் கூடவே அனுப்பினோம். இன்று அந்த நியாயம் எங்கே? ஒருங்குறியில் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. இன்றைய கைப்பேசிகள் எந்த எழுத்துருவையும் நிறுவாமலே தமிழைக் காட்டுகின்றன. நோய் தீர்ந்த பின்னும் மருந்தை விடாதவர் போல் நாம் இருக்கிறோம்.

மாறாக, அந்தக் கோப்பே இன்று நோயாகிவிட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். ஏன் அரைப்புள்ளி? பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அமர்ந்திருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். எழுத்துரு இல்லாத கருவியில் புள்ளி மறைந்து அரைப்புள்ளி வெளிப்படுகிறது.

வேலை முடிந்து வரும் தாய், பேருந்தில் நின்றபடி கைப்பேசியைத் திறக்கிறார். அரைப்புள்ளிகளைப் பார்க்கிறார்; மூடி வைக்கிறார். கூட்டத்திற்குப் பாதிப் பெற்றோர் வரவில்லை. உடனே பள்ளியில் ஒரு முடிவு எழுகிறது: "தமிழில் அனுப்பினால் பெற்றோர் படிப்பதில்லை." அடுத்த சுற்றறிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ போகிறது. குற்றம் கோப்பினுடையது, தண்டனை தமிழுக்கு! என் அச்சம் இதுதான்.

தேசியப்பள்ளியில் பயின்றதால் தமிழை எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கக்கூடிய பெற்றோரும் நம்மிடையே உளர். மடலில் ஒருங்குறியில் எழுதினால், கைப்பேசியை வாசித்துக்காட்டச் செய்து அவர்கள் கேட்கலாம். பழைய எழுத்துருக் கோப்பில் அது நடவாது.

"பள்ளியின் முத்திரை, தலைமையாசிரியர் கையொப்பம் எல்லாம் வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும், கையொப்பமிட்டுத் திருப்ப வேண்டிய அனுமதிப் படிவத்திற்கு வேண்டும். கூட்ட அறிவிப்புக்கு எதற்கு? ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு. முந்நூறு குறிகள் கொண்ட அறிவிப்பு ஒரு கிலோபைட்டைக்கூடத் தொடாது. இணைப்போ அனுப்பும்போது மூன்றுக்கு நான்காகப் பருக்கிறது. 3 மெகாபைட் கோப்பு ஏறத்தாழ 4 மெகாபைட்டாகப் பயணம் செய்கிறது. அந்தத் தரவுக்குப் பணம் கட்டுபவர் பெற்றோர்.

இன்னொன்றையும் எண்ணுக. 1999-இல் மெலிசா நச்சுநிரல் வேர்டு கோப்பாகவே மின்னஞ்சலில் பரவியது. 2000-இல் காதல் மடல் என்ற பெயரில் வந்த இணைப்பு உலகெங்கும் கணினிகளைப் பாழாக்கியது. சொல்லே இல்லாத மடலும் ஓர் இணைப்பும் வந்தால், அது பள்ளியின் மடலா, கயவனின் மடலா என்று பெற்றோர் எங்ஙனம் அறிவர்?

எனவே நான் வேண்டுவன இவை:

1. செய்தியை மடலிலேயே ஒருங்குறித் தமிழில் எழுதுக. நாள், நேரம், இடம் ஆகியவை முதல் இரண்டு வரிகளில் இருக்கட்டும்.

2. தலைப்பில் 'சுற்றறிக்கை' என்று எழுதாமல், 'சனிக்கிழமை 9 மணி: பெற்றோர் கூட்டம்' என்று எழுதுக.

3. படிவம், கால அட்டவணை போன்றவற்றுக்கு இணைப்பு தேவையெனில், எழுத்துருவைத் தன்னுள் கொண்டு செல்லும் பிடிஎஃப் வடிவில் அனுப்புக. அதில் என்ன இருக்கிறது என்பதை மடலில் ஒரு வரி சொல்லுக.

4. பலர் சேர்ந்து திருத்த வேண்டிய கோப்பை இருபது பேருக்கு இருபது படிகளாக அனுப்பாமல், இணையத்தில் ஒரே படியாகப் பகிர்க.

பெற்றோர்களே, நீங்களும் வாளா இருக்க வேண்டா. எழுத்து சிதைந்து வந்தால், "தமிழ் வேண்டா" என்று சொல்லாதீர்கள். "தமிழை மடலிலேயே எழுதுங்கள்" என்று கேளுங்கள்.

கடிதம் எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் நாம். விளிப்பு, செய்தி, முடிப்பு என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். மாணவன் வெற்றுத்தாளைக் கொடுத்து, "ஐயா, கடிதம் பைக்குள் இருக்கிறது" என்றால் எத்தனை மதிப்பெண் இடுவோம்?